பொன்னும் நிலமும்: பயான் ககானின் கணக்கு

துருக்கியரின் கை ஓங்கியதால் மேற்கே நகர்ந்து வந்தவர்கள் அவார்கள். 558 வாக்கில் அவர்களுடைய தூதர் பைசாந்தியப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிள் சென்று, குடியிருக்க நிலமும் ஆண்டுதோறும் பொன்னும் கேட்டார். பின்னர் அவர்களின் ககான் (அரசர்) ஆன பயான் அந்தக் கோரிக்கையையே ஆட்சிமுறை ஆக்கிக்கொண்டார்.

பேரத்தில் அவர் கெட்டிக்காரர். 567இல் கெபிட்களை ஒழிக்க லொம்பார்டு அரசர் அல்போயின் துணை தேடியபோது, லொம்பார்டுகளின் கால்நடையில் பத்தில் ஒரு பங்கு, கொள்ளையில் பாதி, கெபிட்களின் நிலம் முழுவதும் என்று விலை வைத்தார். கெபிட் அரசு வீழ்ந்தது. மறு ஆண்டே லொம்பார்டுகள் இத்தாலிக்குக் கிளம்ப, இன்றைய ஹங்கேரிச் சமவெளி அவார்களின் கைக்கு வந்தது.

அடுத்தது பொன். 570களின் நடுவில் பைசாந்தியம் ஆண்டுக்கு 80,000 பொற்காசு தர இசைந்தது. எடையில் சுமார் 360 கிலோ. பாரசீகப் போரில் சிக்கியிருந்த பேரரசுக்கு இன்னொரு போர்முனையைவிட இது மலிவு. ஸ்லாவ், பல்கர், கெபிட் எனப் பலரும் கலந்த படையைக் கட்டிக்காக்க ககானுக்கும் இந்தப் பொன் தேவைப்பட்டது.

இந்த முறை நம்பிக்கையைத் தின்றுதான் வளர்ந்தது. சாவா ஆற்றில் பாலம் கட்டியபோது, ஸ்லாவ்களைத் தாக்கவே கட்டுவதாகப் பயான் வாளின்மீதும் நற்செய்தி நூலின்மீதும் சத்தியம் செய்தார். அந்தப் பாலமே பைசாந்தியத்தின் சிர்மியம் நகருக்கு உணவு வரும் வழியை அடைத்தது. 582இல் பட்டினியால் நகரம் பணிந்தது. கப்பத்தின் மூன்றாண்டு நிலுவையும் வசூலானது. அடுத்து, கேட்டு வாங்கிய யானையையும் பொற்கட்டிலையும் ககான் திருப்பி அனுப்பிவிட்டு, மேலும் 20,000 காசு கேட்டார். பேரரசர் மவுரீஸ் மறுத்ததும் இன்றைய பெல்கிரேடான சிங்கிடுனம் தாக்கப்பட்டது; கப்பம் 1,00,000 ஆனது.

பாரசீகம் பேரரசின் கையைக் கட்டிப்போட்டிருந்த வரைதான் இந்த மிரட்டல் பலித்தது. 591இல் அங்கே அமைதி ஏற்பட்டதும் மவுரீஸின் படைகள் டான்யூப் பக்கம் திரும்பின. 599இல் தளபதி பிரிஸ்கஸ் ஆற்றைக் கடந்து, அவார்களை அவர்கள் மண்ணிலேயே தோற்கடித்தார். 602இல் சொந்தப் படையே கலகம் செய்து மவுரீஸை வீழ்த்தியிராவிட்டால் ககானின் நிலை இன்னும் மோசமாகியிருக்கும்.

626இல் பயானின் வாரிசு நடத்திய கான்ஸ்டான்டிநோபிள் முற்றுகை தோற்றதும் பல இனக் கூட்டணி கலையத் தொடங்கியது. பெரும் பொன்வரவும் அதோடு முடிந்தது. ஆனால் சார்லமேனின் படைகள் 790களில் வந்து முடிக்கும்வரை அவார் அரசு நீடித்தது. பயானின் இரண்டு வெற்றிகளில், பொன்னைவிட அல்போயினிடம் பேசிப் பெற்ற நிலமே அதைத் தாங்கியது.