பிள்ளை பார்க்க ஆள்: ஏஜென்சி சொல்வதும் சொல்லாததும்

2017-இல் வந்த சட்டத் திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்குப் பேறுகால விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் சென்னையில் எத்தனையோ தாய்மார்களுக்கு விடுப்பு முடியும்போது பக்கத்தில் காப்பகமும் இருப்பதில்லை, ஊரிலிருந்து பாட்டியும் வர முடிவதில்லை. கடைசியில் ஏஜென்சிக்குத்தான் போன் போடுகிறார்கள்.

இந்த முறையால் நன்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தெரிந்தவர் மூலம் ஆள் தேடினால் மாதக்கணக்கில் இழுக்கும். ஏஜென்சி சில நாளில் அனுப்பிவிடுகிறது. ஆதார் நகல், முகவரி, முன்பு வேலை செய்த வீட்டு விவரம் எல்லாம் கைக்கு வருகின்றன. வந்தவர் திடீரென்று நின்றுவிட்டால் மாற்று ஆள் கிடைக்கிறார். அறிமுகம் குறைந்த பெருநகரத்தில் இது பெரிய உதவி.

குறை, பணம் கைமாறும் விதத்தில் இருக்கிறது. கமிஷன் பெரும்பாலும் ஆளைச் சேர்த்துவிடும்போதே வாங்கப்படுகிறது. வேலைக்கு வந்தவர் ஒரே வீட்டில் இரண்டு வருஷம் நிலைத்திருப்பதால் ஏஜென்சிக்கு ஆதாயம் இல்லை. பிள்ளைக்கோ முகம் மாறாமல் இருப்பதுதான் முக்கியம்.

அடுத்தது, 'போலீஸ் வெரிஃபிகேஷன் முடிந்தது' என்ற வாக்கியம். அந்தச் சரிபார்ப்பு அவசியம். தமிழ்நாடு காவல்துறையே இணையவழியில் இந்தச் சேவையைத் தருகிறது. ஆனால் அதில் தெரியவருவது வழக்கு ஏதும் உண்டா என்பது மட்டுமே. பிள்ளை வளர்க்கத் தெரியுமா என்பதைப் பெற்றோர்தான் கேட்டறிய வேண்டும். "ஆறு மாசக் குழந்தைக்குத் தொண்டையில ஏதாவது அடைச்சுக்கிட்டா என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். உச்சந்தலையில் தட்டுவேன் என்று பலர் சொல்வார்கள். குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்கும்படி தாங்கிப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை உள்ளங்கையின் அடிப்பகுதியால் தட்டுவதே சரியான முதலுதவி. இதைச் சொல்லித்தர ஐந்து நிமிடம் போதும். சொல்லித்தரும்போது அவர் கவனிக்கிற விதமும் அவரைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

மூன்றாவது குறை, விசாரணை ஒருபக்கமாகவே நடப்பது. வருகிறவரைத் துருவுகிறோம், இந்த வீடு எப்படிப்பட்டது என்று அவருக்குச் சொல்வார் யாருமில்லை. 'குழந்தையை மட்டும் பார்த்துக்கிட்டா போதும்' என்று பேசி அழைத்துவந்த மறுவாரமே பாத்திரமும் துணியும் அவர் தலையில் விழுகின்றன. வார லீவு மறந்துபோகிறது. கேமரா வைத்திருப்பதைக்கூடச் சொல்வதில்லை. தன்னை நம்பாத வீட்டில் எவருக்கும் மனம் ஒட்டாது.

வீட்டுப் பணியாளர்களுக்குத் தமிழ்நாடு 2007-இலேயே நலவாரியம் அமைத்தது. சத்தீஸ்கர் 2013-இல் ஏஜென்சிகளை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றியது. அப்படியொரு சட்டம் இங்கும் தேவை. கமிஷனைத் தவணையாக்கி, ஆள் ஆறு மாதம் நிலைத்த பிறகே கடைசித் தவணை என்று வைத்தாலே ஏஜென்சிகளின் அக்கறை கூடும்.

அதுவரை பெற்றோர் செய்யக்கூடியவை உண்டு. முன்பு வேலை செய்த வீட்டாரிடம் நேரில் பேசுங்கள். விடுப்பு முடிவதற்கு இரண்டு வாரம் முன்பே ஆளைச் சேர்த்து, கூடவே இருந்து பழக்குங்கள். சம்பளம், நேரம், லீவு மூன்றையும் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்சியால் ஆளைத்தான் அனுப்ப முடியும். நம்பிக்கை அந்த வீட்டில்தான் வளர வேண்டும்.