முக்கூடற்பள்ளும் பொறிக் காமிராவும்: கருவிப் பற்றுக் குறித்த ஓர் ஆய்வு

தொழிலோனுக்கும் அவன் கையாளும் கருவிக்கும் இடையே உள்ள உறவு இலக்கிய ஆராய்ச்சிக்குப் புறம்பான பொருள் அன்று. ஆற்றுப்படைப் புலவர் யாழினை வாளா புகழ்ந்து அமையாது, பத்தர், போர்வை, கோடு, திவவு, நரம்பு என உறுப்பு உறுப்பாக எடுத்துக் காட்டினர். பள்ளு நூலார் ஏரையும் எருதையும் விதையையும் வகை வகையாக எண்ணிக் கூறினர். கருவியை இங்ஙனம் பகுத்துணர்ந்து பாடும் மரபுடைய மொழியில், நம் காலத்துக் கருவிப் பற்று ஒன்றனை ஆராய்தல் பொருத்தமேயாகும். பிலிம் இட்டுக் கையால் முடுக்கி இயக்கும் பழைய பொறிக் காமிராக்களின்மீது ஒளிப்படக் கலைஞர் பலர் கொண்டுள்ள பற்றே ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள். அப்பற்றுக்குக் கூறப்படும் காரணங்கள் பொருந்துமா என்பதனையும், முக்கூடற்பள்ளு என்னும் நெல்லைச் சீமை நூல் இவ்வாராய்ச்சிக்கு எவ்வாறு துணை செய்யும் என்பதனையும் முறையே காண்போம்.

வில், பற்சக்கரம், நெம்புகோல் ஆகியவற்றான் மட்டுமே ஷட்டர் இயங்கும் காமிராவையே பொறிக் காமிரா எனச் சுட்டுகின்றோம். 1925-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த லைகா, சினிமாவுக்கு உரிய பிலிமில் 24 மில்லிமீட்டர் உயரமும் 36 மில்லிமீட்டர் அகலமும் உள்ள சிறு படங்களை எடுக்க வழி செய்தது. அதன் வழித்தோன்றலாகிய எம்3 1954-இல் வெளிவந்தது. ஜப்பானிய நிறுவனத்தின் பென்டாக்ஸ் கே1000 1976 முதல் 1997 வரை ஆக்கப்பெற்றது. 1982-இல் தோன்றிய நிக்கான் எப்எம்2, ஒரு நொடியில் 4000-இல் ஒரு பங்கு வரை மின்கலத்தின் துணையின்றியே ஷட்டரை இயக்க வல்லது. அதன்கண் உள்ள மின்கலம் ஒளியை அளக்கும் மீட்டருக்கு மட்டுமே வேண்டுவது. இக்கருவிகள் தோன்றிய காலத்தில் அவற்றை வாங்கியோர்க்கு எண்முறைக் காமிரா என்னும் வேறு வழி இருந்ததில்லை. இன்றோ படம் பிடிக்கும் கைப்பேசி எங்கணும் உளது. எனினும், 1984-இல் முதன்முதல் வந்த லைகா எம்6 என்னும் பிலிம் காமிராவை அந்நிறுவனம் 2022-இல் மீண்டும் ஆக்கத் தொடங்கிற்று. வாங்குவார் இன்றேல் விற்பார் இலர். ஆதலின் இப்பற்றினை ஒரு சிலரின் விந்தைப் போக்கெனக் கருதி ஒதுக்குதல் இயலாது.

இப்பற்றுக்கு முதற் காரணமாகக் கூறப்படுவது படத்தின் சிறப்பு. பிலிமின் மணிமணியான தோற்றமும் வண்ணக் கலவையும் தனியழகு வாய்ந்தன என்பர். அழகு உண்டு என்பதனை யாம் மறுக்கவில்லை. ஆயினும் நுண்மையை அளவாகக் கொண்டால், இன்றைய எண்முறைக் காமிராக்கள் சிறு பிலிமினை விஞ்சிவிட்டன. மேலும், பிலிமில் எடுத்த படங்களையும் இந்நாளில் ஸ்கேன் செய்து திரையிலேயே பெரும்பாலோர் காண்கின்றனர். அன்றியும், படத்தின்மீது கொண்ட விருப்பம் படத்தோடு நிற்றல் வேண்டும்; அது கருவியின்மீது பற்றாய்ப் படருமாற்றை இக்காரணம் விளக்கவில்லை.

இரண்டாவது, பழமை நினைவு என்பர். தந்தையார் கையில் இருந்த காமிராவைப் பேணி வைப்பார் பலர் உளர் என்பது மெய்யே. ஆனால் பிலிம் வழக்கொழிந்த பின்னர்ப் பிறந்த இளைஞரும் இக்காமிராக்களைத் தேடி வாங்குகின்றனர். தாம் வாழ்ந்தறியாத காலத்தை ஒருவர் எங்ஙனம் நினைந்து ஏங்குவர்? அவர் விருப்பம் பிறர் வாயிலாகக் கேட்ட பழமையின்பால் எழுந்தது எனக் கொண்டாலும், அது ஓராண்டில் தணிந்துவிடும். நாள்தோறும் கையாளும் பயிற்சியாக வளராது.

மூன்றாவது காரணம் சிறிது வலிமையுடையது. பிலிம் சுருள் ஒன்றில் 36 படங்களே எடுக்கலாம். 120 என்னும் அகன்ற பிலிமைச் சதுரப் படத்திற்குப் பயன்படுத்தினால் 12 மட்டுமே எடுக்கலாம். எண்ணிக்கை சுருங்கவே கருத்து ஊன்றுகிறது என்பர். அச்சுருக்கம் நம் நாட்டில் இன்னும் மிகுதி. உதகையில் 1960-இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967-இல் ஆக்கம் தொடங்கி, ‘இந்து’ என்னும் பெயரில் கருப்பு வெள்ளைப் பிலிம் விற்று வந்தது. அவ்வாலை மூடப்பட்ட பின்னர்ப் பிலிம் பெரும்பாலும் அயல்நாட்டிலிருந்தே வருதலின், சுருளின் விலை பலர்க்கு எட்டாததாயிற்று. எனினும் இக்காரணத்தையும் முழுதும் ஏற்றல் அரிது. பரோடாவில் ஆக்கப்பெற்று நம் நாட்டு இல்லங்கள் பலவற்றிற் புகுந்த அக்பா கிளிக் III என்னும் காமிராவும் 12 படமே தந்தது. ஆயின் அதனைப் போற்றுவோர் பெரும்பாலும் குடும்ப நினைவின் பொருட்டே போற்றுகின்றனர். பிற்காலத்து மின்னணு இயக்கக் காமிராக்களும் அதே 36 படப் பிலிமையே ஏற்பன. அவற்றுள் சில, நல்ல லென்ஸின் பொருட்டுப் பெருவிலை பெறுதல் உண்டு. ஆயினும் சுற்றமைப்புப் பழுதுபட்டவுடன் அவற்றை உடையோர் மனம் அவற்றினின்று நீங்கிவிடக் காண்கின்றோம். பிலிமும் சுருக்கமும் ஒன்றாயிருக்கப் பற்று மட்டும் வேறுபடுகிறது. ஆகவே காரணம் வேறிடத்தில் உளது.

அக்காரணம் யாது? பொறிக் காமிரா தன் செயலை மறைப்பதில்லை என்பதே எம் விடை. அதன் தலைமேல் உள்ள வட்டில் 1, 2, 4, 8, 15, 30, 60, 125, 250, 500 எனப் பொறித்த எண்கள் நொடியின் பங்குகள். லென்ஸைச் சூழ்ந்த வளையத்தில் 2.8, 4, 5.6, 8, 11, 16 என்னும் எண்கள் ஒளி புகும் வாயிலின் அளவைக் குறிப்பன. எண் ஏற ஏற வாயில் குறுகும். இரண்டிலும் ஒரு படி நகர்த்தினால் ஒளி இரட்டிக்கும் அல்லது பாதியாகும். எனவே வாயில் 8-ஆகவும் வேகம் 125-ஆகவும் வைத்து எடுத்தாலும், வாயில் 5.6-ஆகவும் வேகம் 250-ஆகவும் வைத்து எடுத்தாலும் பிலிம் பெறும் ஒளி ஒன்றே. நல்ல வெயிலில் வாயிலை 16-இல் நிறுத்தி, பிலிமின் உணர்வெண்ணுக்கு அணித்தான எண்ணை வேகமாகக் கொண்டால் மீட்டரும் வேண்டா. சில நாட் பயிற்சியில் இக்கணக்கு விரல்களுக்குப் பழகிவிடும். எண்ணெய் உலர்ந்து பற்சக்கரங்கள் தளர்ந்தால், குறைந்த வேகங்களில் ஷட்டர் இழுத்து ஒலிக்கும்; பழகிய செவி நோயை அப்பொழுதே அறிந்துகொள்ளும். இங்ஙனம் செய்கையும் பழுதும் ஒருங்கே புலனாகும் கருவியிடத்து, உடையவன் என்னும் உறவினும் அறிந்தவன் என்னும் உறவே மேலோங்குகிறது.

இவ்வறிவு முதிர்ந்தவிடத்துக் கருவி கருத்தினின்று மறைகிறது. பிரெஞ்சு நாட்டு ஒளிப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் தம் லைகாவைக் கண்ணின் நீட்சியாகவே கருதினார்; ஒரே அளவு லென்ஸையே பெரிதும் கையாண்டார்; பிறர் பார்வையை ஈர்க்காதிருக்கக் காமிராவின் பளபளப்பான பகுதிகளைக் கரிய நாடாவால் மூடினார். 1950 ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு ரமண மகரிஷி மறைந்தபோது அவர் திருவண்ணாமலையில் இருந்தார். அத்தகைய இடத்தில் கருவியைப் பற்றி எண்ணுவார்க்கு மனிதர் முகம் புலனாகாது. ஆகவே உண்மையான கருவிப் பற்று, கருவியைப் பார்த்து மகிழ்வதில் முடிவதன்று. கருவியை மறந்து பொருளைப் பார்க்க வல்லதாதலே அதன் பயன். காமிராக்களை வாங்கிக் கண்ணாடிப் பேழையில் அடுக்கி வைப்பாரின் விருப்பம் உடைமை விருப்பமேயன்றி, யாம் கூறும் பற்று அன்று.

இனி முக்கூடற்பள்ளினை நோக்குவோம். இந்நூலின் முக்கூடல், நெல்லைக்கு வடகிழக்கே, பொருநையோடு சிற்றாறு கலக்கும் சீவலப்பேரிப் பகுதியாகும்; மேற்கே முக்கூடல் என இன்று வழங்கும் ஊர் வேறு. அழகர் கோயில் கொண்ட அவ்வூரின் பண்ணையில் உழும் குடும்பன், பண்ணைக்காரன் வினாவியபோது, விதைகளையும் எருதுகளையும் ஏர்த்தொழிற் கருவிகளையும் வகை வகையாக ஒப்புவிக்கின்றான். மணல்வாரி, நெடுமூக்கன், சீரகச்சம்பா, சித்திரக்காலி என நெல்லின் பெயர்கள் அடுக்கி வருகின்றன. கூடுகொம்பன், குத்துக்குளம்பன், குடைக்கொம்பன் என எருதுகள் கொம்பாலும் குளம்பாலும் பெயர் பெறுகின்றன. இப்பகுதிகளை வெறும் பட்டியல் எனவும், கவிச்சுவை குன்றிய இடம் எனவும் கருதி விரைந்து கடப்பார் உளர். யாம் அக்கருத்தினர் அல்லேம். கொம்பு வளைந்த வகையைக் கொண்டு எருதுக்குப் பெயரிடுதல், அதனை நாள்தோறும் நுகத்திற் பூட்டியவனுக்கே இயலும். அப்பெயர் ஒவ்வொன்றும் பல்லாண்டுப் பழக்கத்தின் சுருக்கம். கணக்கைக் கேட்பவன் பண்ணைக்காரன். கணக்கின் பொருளை அறிந்தவனோ குடும்பன். உடைமை ஒருபாலும் அறிவு மற்றொருபாலும் நிற்கும் இம்முரணே அப்பட்டியலுக்கு உயிர் தருகிறது.

ஈண்டு ஒரு தடை எழும். குடும்பன் விரும்பிக் கூறினான் அல்லன், கேட்கப்பட்டதனாற் கூறினான். அதே நூலில் அவன் தொழுமரத்தில் மாட்டப்படுதலும் கூறப்படுகிறது. அத்தகையோனின் கணக்கொப்புவிப்பை, விருப்பத்தால் காமிரா வாங்குவோரின் பற்றோடு ஒப்பிடுதல் தகுமா என வினவலாம். தக்க வினாவே. ஒளிப்படத் தொழிலிலும் இவ்வேறுபாடு உண்டு. ஊர்தோறும் ஸ்டூடியோ நடத்தித் திருமணப் படமும் பாஸ்போர்ட் அளவுப் படமும் எடுத்துப் பிழைத்தோர், எண்முறைக் காமிரா வந்ததும் பழையதனை விரைந்து கைவிட்டனர். இருட்டறையில் நின்று மருந்துநீரில் கையிட்டு உழைத்தோர்க்கு அவ்விடுதலை இனியதாகவே இருந்திருக்கும். அவரைப் பற்றில்லாதார் எனப் பழித்தல் அறம் அன்று. கருவியை நின்று நிதானமாகக் கையாளும் உரிமை அவர்க்குக் கிட்டியதில்லை. ஆகவே எம் கருத்தினை ஒரு வரையறையோடு கூறுதல் வேண்டும்: அறிவு பற்றின் வித்து, அவ்வித்து முளைப்பதற்கு உரிமை என்னும் ஈரம் வேண்டும். குடும்பனிடம் அறிவு நிறைந்திருந்தது, உரிமை இல்லை. இன்றைய விருப்பாளரிடம் உரிமை உளது. அறிவை அவர் உழைத்தே பெறுதல் வேண்டும். பொறிக் காமிரா அவ்வுழைப்புக்கு இடந்தருகிறது. பிறவற்றுட் பல இடந்தருவதில்லை. ஒப்புமை அறிவளவில் நிற்பது, நிலைமையளவில் அன்று.

இவ்வாராய்ச்சியால் தமிழ்த்துறையினர்க்கு ஒரு கடமையும் புலப்படுகிறது. 1960-களில் புதிய நெல்வகைகள் பரவிய பின்னர், பள்ளு நூலார் எண்ணிய விதைகளுட் பல வயலினின்று நீங்கின. பெயர்களோ ஏட்டில் நின்றன. பழைய நெல்லினை மீண்டும் தேடுவோர்க்கு அப்பெயர்கள் இன்று வழிகாட்டுகின்றன. ஒளிப்படத் தொழிலுக்கு அத்தகைய ஏடு நம்மிடம் உளதா? கலைச்சொல் ஆக்குவோர் ஷட்டருக்கும் லென்ஸுக்கும் புதுப்பெயர் வகுத்தனர். ஆனால் தொழிலோர் தம் வாயில் வழங்கிய ‘பிலிம் கழுவுதல்’, ‘பிரிண்டு போடுதல்’, நெகட்டிவில் தூரிகையாலும் பென்சிலாலும் முகத்தைத் திருத்தும் ‘டச்சிங்’ முதலிய வழக்குகளைத் திரட்டி ஆராய்தல் போதிய அளவு நிகழவில்லை. ஆடை கழுவுவது போலப் பிலிமையும் கழுவினர் என்னும் வழக்கில் நம் மக்கள் ஒரு புதுத்தொழிலைத் தமக்கு உரியதாக்கிக்கொண்ட வரலாறு அடங்கியிருக்கிறது. காமிரா பழுதுபார்ப்போர் ஆண்டுதோறும் அருகி வருகின்றனர். அவர் திருகைக் கழற்றும்போதும் வில்லை மாற்றும்போதும் கூறும் சொற்கள் அவரோடே மறைந்துவிடும். எழுதி வைத்தற்குரிய காலம் இதுவே.

ஆகவே, படச்சிறப்போ பழமை நினைவோ எண்ணிக்கைச் சுருக்கமோ பொறிக் காமிராவின்மீது எழும் பற்றுக்கு முழுக் காரணம் ஆகா. உறுப்புத்தோறும் பெயர் சொல்லி அறியத்தக்க கருவியும், அதனை அறிதற்கு வேண்டிய உரிமையும் ஒருவர்க்கு ஒருங்கே வாய்த்தவிடத்து அப்பற்று எழுகிறது. இவ்வுண்மையைக் காமிரா தோன்றுமுன்னரே, அவ்விரண்டனுள் ஒன்று மட்டும் வாய்த்த உழவன் ஒருவனின் வாயிலாக முக்கூடற்பள்ளு உணர்த்தியுள்ளது என்பது எம் துணிபு.