உறுமிக்கு ஒரு வரியில்லை

தமிழில் புதிதாக ஒரு றப் அல்பம் வந்தால், அதைப் பற்றி எழுதப்படுவதை வாசித்தே பாடியவரின் ஊரையும் சமூகத்தையும் அவர் எந்த அநீதியை எதிர்க்கிறார் என்பதையும் அறிந்துகொள்ளலாம். பாட்டு எப்படி ஒலிக்கிறது என்று மட்டும் அறிய முடியாது. றப் பாடகர் அறிவும் தயாரிப்பாளர் ஓஃப்ரோவும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட 'தெருக்குரல்' இதற்கு நல்ல உதாரணம். 2018 மே 22இல் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்ட ஸ்னோலினின் பெயரிலேயே அதில் ஒரு பாட்டு இருக்கிறது. சாதி, தேசபக்தி, மௌனம் காக்கும் நடுத்தர வர்க்கம் என்று அந்த அல்பம் தொடும் பொருள்களை எழுதியவர்கள் விரிவாகவே பேசினார்கள், சரியாகவும் பேசினார்கள். ஆனால் அது இருவர் பெயரில் வந்த அல்பம். தாளத்தை எந்த இடத்தில் நிறுத்தி அறிவின் குரலை ஓஃப்ரோ தனியே விடுகிறார், எந்த இடத்தில் குரலைத் தாளத்துக்குள் அமிழ்த்துகிறார், அப்படிச் செய்வதால் கோபம் கூடுகிறதா குறைகிறதா என்ற கேள்விகள் பெரும்பாலும் எழுப்பப்படவேயில்லை. தமிழ் ஹிப் ஹொப் விமர்சனம் பாடியவரைக் கேட்கிறது, பாட்டைக் கேட்பதில்லை என்பதே என் குறை.

இந்தப் பழக்கம் வெறும் சோம்பலில் பிறந்ததல்ல. 2018 ஜனவரியில் திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் முன்னின்று 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவைச் சென்னையில் மேடையேற்றியபோது கானாவும் றப்பும் ரொக் கிற்றாரும் ஒன்றாக வந்தன. வடசென்னையின் சாவு வீட்டில் பாடப்படுவது என்று ஒதுக்கப்பட்டிருந்த கானாவை இசையாகக் கேட்க வைப்பதற்கு அதன் சமூக வரலாற்றை முதலில் சொல்லியே ஆகவேண்டியிருந்தது. 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி'க்கும் இதே நிலைதான். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இந்தியா திரும்பியவர் என்று தெரியாமல் அந்தப் பாட்டின் பாதி விளங்காது. தோட்டத் தொழிலாளரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தை நினைவில் வைத்திருக்கும் இலங்கையரான நமக்கு அது இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே விளங்கும். பேச்சுமொழியில் எழுதினால் அது 'இழிசனர் வழக்கு' என்று 1960களில் பண்டிதர்கள் இங்கே இலங்கையில் எதிர்த்தபோது, விமர்சகர்கள் கைலாசபதி, சிவத்தம்பி முதலானோர் நின்றதும் சமூகப் பின்னணியை முன்வைக்கும் இந்தப் பக்கத்தில்தான். ஆக, பொருளை முன்னிறுத்தும் விமர்சனத்துக்கு மதிப்பான மூதாதையர் உண்டு. எங்கே தொடங்கியதோ அங்கேயே அது நின்றுவிட்டதுதான் பிரச்சினை.

நின்றுவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எம்.ஐ.ஏ.யின் கதையை விடத் தெளிவான சான்று இல்லை. எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசம் 2005இல் தந்தையின் இயக்கப் பெயரில் 'அருளர்', 2007இல் தாயின் பெயரில் 'கலா', 2010இல் 'மாயா' என்று மூன்று அல்பங்களை வெளியிட்டார். முதலிரண்டையும் மேற்குலக விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்தார்கள். ரோலிங் ஸ்டோன் 'கலா'வை அந்த ஆண்டின் முதல் அல்பமாகவே அறிவித்தது. ஆனால் அந்தப் புகழ்ச்சியில் இசையை விட வாழ்க்கை வரலாறே பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டது, அந்த வரலாறும் பல இடங்களில் பிழை. ஈரோஸ் அமைப்பை நிறுவியவர்களில் ஒருவரான அருளரைப் புலி என்று எழுதியவர்கள் பலர். ஓர் இயக்கத்தை இன்னொன்றிலிருந்து பிரித்தறியாதவர்கள் சென்னையில் வாசிக்கப்பட்ட உறுமியை வேறொரு மேளத்திலிருந்து பிரித்தறியவில்லை என்பதில் வியப்பில்லை. 'கலா'வின் 'போய்ஸ்', 'பேர்ட் ஃப்ளூ' ஆகிய பாட்டுகளை இயக்குவது உறுமிதான். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த உறுமல் கோயிலிலும் கேட்கும், சாவு வீட்டிலும் கேட்கும். முதற்பாட்டான 'பம்பூ பங்கா'வுக்குள் 'தளபதி'யின் 'காட்டுக்குயிலு' வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. சென்னை, ட்ரினிடாட், லைபீரியா என்று அலைந்து ஒலிப்பதிவு செய்யப்பட்ட அல்பத்தை ஏழை நாடுகளின் இரைச்சல் என்ற ஒரே பெட்டிக்குள் போட்டுப் பாராட்டிவிட்டார்கள். பெட்டியைத் திறந்து காட்டக்கூடிய தமிழ் விமர்சகரோ, அருளர் புலியா இல்லையா என்ற அதே வழக்கில் சாட்சி சொல்லப் போய்விட்டார்.

வாழ்க்கை வரலாற்றால் ஏற்றிய புகழை வாழ்க்கை வரலாறே இறக்கியது. 2010 மே மாதத்தில் நியூ யோர்க் டைம்ஸ் சஞ்சிகையின் நீண்ட கட்டுரை ஒன்று, புரட்சி பேசிக்கொண்டே விலையுயர்ந்த உருளைக்கிழங்குப் பொரியலைச் சாப்பிடுகிறவராக அவரை வரைந்தது. அதை வரவழைக்கச் சொன்னது யார் என்று காட்ட அவர் ஒலிப்பதிவையே வெளியிட்டார். இரு மாதங்களில் 'மாயா' வந்தது. 'கலா'வுக்குப் பத்தில் 8.9 கொடுத்திருந்த பிட்ச்போர்க் இணைய இதழ் இதற்குக் கொடுத்தது 4.4. இரும்பை அறுப்பது போன்ற அந்த ஒலி பலருக்குப் பிடிக்காமற் போனதில் தவறில்லை. ஆனால் நம் காதிலுள்ள கருவி இணையம் வழியாக அரசாங்கம் வரை இணைந்திருக்கிறது என்ற முதற்பாட்டின் எச்சரிக்கை வெறும் சதிக்கதைப் புலம்பலாகத் தள்ளப்பட்டது; அமெரிக்க அரசின் இணைய உளவை 2013இல் ஸ்னோடென் அம்பலப்படுத்திய பிறகு அது வேறு விதமாகக் கேட்டது. ஒரு பெண்ணின் மீதான எரிச்சல் அடங்குவதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டதா என்று கேட்கத் தோன்றுகிறது. தசமப் புள்ளி வரை மதிப்பெண் போடும் இந்த முறையை அதன் சொந்தக்காரர்களே முழுதாக நம்பவில்லை: 2021இல் பிட்ச்போர்க் தன் பழைய மதிப்பெண்களில் 19ஐ மாற்றி எழுதியது. டாஃப்ட் பங்க் குழுவின் 'டிஸ்கவரி' 6.4இலிருந்து 10க்குப் போனது. இந்த நேர்மை பாராட்டத்தக்கது. முதல் வாரத்திலேயே தீர்ப்புச் சொல்லும் அவசரம் எவ்வளவு மோசமானது என்பதற்கு அதுவே ஒப்புதல் வாக்குமூலமும்கூட.

ஆனால் மேற்குலக விமர்சகர் ஒன்றைச் செய்கிறார்: பிழையாகவேனும் அல்பத்தை முதற்பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்கிறார். தமிழுக்கு இது புதிதல்ல. 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி எழுதிய பத்திகளும் இசை விமர்சகர் சுப்புடுவின் கூரிய பேனாவும் சுருதி எங்கே விலகியது, தனி ஆவர்த்தனம் எங்கே இழுத்தது என்று காதால் எழுதப்பட்டவை. சபாக் கச்சேரிக்குக் காது, தெருப் பாட்டுக்குக் கொள்கை விளக்கம் என்று நாம் பங்கு பிரித்துவிட்டோம். அதில் மரியாதை இருப்பதாக நினைக்கிறோம், எனக்கு அதில் ஓர் ஏளனம் தெரிகிறது. றப்பை அளக்கும் கோலும் நம்மிடமே இருக்கிறது. ஆங்கில றப் அடியின் கடைசியில் ஒலியை இணைத்து வித்தை காட்டுகிறது. தமிழில் அந்த இயைபு இலவசம். வினைமுற்றுகள் 'கிறேன்', 'வோம்' என்று முடிந்து தாமாகவே இணைந்துவிடுகின்றன, போதாததற்கு 'டா' இருக்கிறது. ஆகவே சோம்பேறியான பாடகரும் திறமைசாலி போல ஒலிக்கலாம். எதுகையையும் மோனையையும் தாளம் விழும் இடத்தில் வைப்பதும், குறிலும் வல்லின இரட்டிப்பும் மேளத்தோடு மோதும்படி அடுக்குவதும் கடினம். மலேசியாவின் யோகி பி - நட்சத்ராவின் 'வல்லவன்' (2006) தொடங்கி இன்று வரையிலான அல்பங்களை இந்தக் கோலால் அளந்தால் பல பெரிய பெயர்கள் சிறுக்கும், சில சிறிய பெயர்கள் நிமிரும். யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி போல், யாஞ்சனின் மிருதங்கத்துக்கு ஆங்கிலத்தில் றப் பாடுகிறார். மிருதங்கத்தின் சொற்கட்டுக்குள் ஆங்கில அசைகள் பொருந்துகின்றனவா, திணிக்கப்படுகின்றனவா? இது ஒரு முழுக் கட்டுரைக்கான கேள்வி.

றப்பில் சொல்தானே எல்லாம், ஒலியைப் பற்றிப் பேசுவது அரசியலை நீர்க்கச் செய்யாதா என்று கேட்பவர்கள் உண்டு. சொல் மட்டும் போதுமென்றால் அறிவு துண்டுப்பிரசுரம் எழுதியிருக்கலாம். பலர் சேர்ந்து உருவாக்கிய 'எஞ்சாயி எஞ்சாமி' தொடர்பாக நடந்த சண்டையையே பாருங்கள். 2021 ஓகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியாவின் அட்டையில் அறிவு இல்லாதபோதும், 2022இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் மேடையில் அவர் இல்லாதபோதும் எழுந்த வாதம் மெட்டு யாருடையது, வரி யாருடையது, தயாரிப்பு யாருடையது என்பதாக இருந்தது. இந்த மூன்றையும் பிரித்துக் கேட்டு எழுதும் பழக்கம் நம்மிடம் இருந்திருந்தால், அந்த வாதம் கட்சி கட்டும் கூச்சலாக மட்டும் போயிருக்காது. ஒலியைக் கேட்பதும் உழைப்பை யார் பெயரில் எழுதுவது என்ற அரசியல்தான்.

வளரும் கலைஞர்களைக் கடுமையாக எழுதலாமா என்ற மறுப்புக்கு இன்னும் கொஞ்சம் வலு உண்டு. கைக்காசில் ஒலிப்பதிவு செய்யும் இளைஞருக்குப் பூச்சியம் போடுவது வீரமல்ல. ஆனால் கொழும்பில் எந்த நூல் வெளியீட்டுக்குப் போனாலும் ஆய்வுரை என்று தொடங்குவது வாழ்த்துரையாக முடிந்து பொன்னாடையில் அடங்குவதைப் பார்க்கிறோம். அந்தப் பொன்னாடையை றப் பாடகருக்கும் போர்த்தினால் அவருடைய அடுத்த அல்பம் இதை விட நன்றாக இருக்கப் போவதில்லை. யூடியூப் எண்ணிக்கையே போதாதா என்றால், அது ஒற்றைப் பாட்டை எண்ணும். அல்பத்தின் ஐந்தாம் பாட்டில் யாரும் கவனிக்காத ஒரு நல்ல திருப்பம் இருப்பதை அது சொல்லாது.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கொலன்னாவையிலும் வளரும் பிள்ளைகள் சிங்கள றப்பையும் தமிழ் றப்பையும் ஒரே மூச்சில் கேட்கிறார்கள். ஏ.ஈ. மனோகரனின் பொப்பிசையும் பைலாவும் அவர்கள் வீட்டிலேயே உண்டு. சென்னையிலோ லண்டனிலோ இருக்கும் விமர்சகருக்குக் கிடைக்காத காது இது. நம் ஞாயிறு வாரமலர்கள் சினிமாச் செய்திக்கு ஒதுக்கும் பக்கத்தில் ஒரு பத்தியை இவர்களுக்குக் கொடுக்கட்டும். மதிப்பெண் வேண்டாம், அல்பம் வந்து மூன்று மாதம் கழித்தே எழுதட்டும். பாடியவரின் பெயருக்குப் பக்கத்தில் மேளம் வாசித்தவரின் பெயரும் இருக்கட்டும்.