பராமரிப்புக் கோளாறு என்று சொன்னால் போதுமா?

வடகடலின் மில்லர் எண்ணெய் மேடையிலிருந்து ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகருக்குத் திரும்பிய சூப்பர் பூமா ஹெலிகாப்டர் 2009 ஏப்ரல் 1 அன்று கடலில் விழுந்தது. பயணிகள் 14 பேர், விமானிகள் 2 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை.

காரணம் இன்ஜின் அல்ல. இன்ஜின் நின்றுபோனால்கூட, கீழிறங்கும் வேகத்தில் எதிர்ப்படும் காற்றே மேல் விசிறியைச் சுழற்றும். தேர்ந்த விமானி அதைக்கொண்டு இறங்கிவிடலாம். அந்த ரகத்தில் இன்ஜின்கள் இரண்டு. ஆனால் இரண்டின் விசையையும் விசிறிக்குக் கடத்தும் கியர்பாக்ஸ் ஒன்றுதான். அதற்குள் இருந்த ஒரு பற்சக்கரம் உலோகச் சோர்வால் உடைய, விசிறி முழுதும் கழன்று பறந்தது. அதற்குப் பிறகு எந்த விமானியாலும் செய்யக்கூடியது எதுவுமில்லை.

விபத்துக்கு ஏழு நாள் முன்பு, மார்ச் 25 அன்று, கியர்பாக்ஸின் காந்த உணரியில் ஓர் உலோகத்துகள் சிக்கியது. ஹெலிகாப்டரை இயக்கிப் பராமரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் தயாரிப்பாளரான யூரோகாப்டரிடம் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் ஆலோசனை கேட்டார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. கையேட்டின்படி பற்சக்கரத் தொகுதியைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும்; பார்க்கவில்லை. அதன்பின் ஹெலிகாப்டர் 36 மணி நேரம் பறந்தது. 2014-இல் நடந்த மரண விசாரணையில் நிறுவனம் தன் தவறுகளை ஒப்புக்கொண்டது. விபத்தைத் தவிர்த்திருக்கக்கூடும் என்றார் நீதிபதி. ஆக, பராமரிப்பு தவறியதில் ஐயமில்லை. அதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனமில்லை: கையேட்டில் எழுதியிருந்த ஒரு வேலை செய்யப்படவில்லை, 16 பேர் இறந்தார்கள்.

ஆனால் இதோடு வழக்கை முடித்துவிடலாமா? பிரிட்டனின் விபத்துப் புலனாய்வுப் பிரிவு வேறு இரண்டு விஷயங்களையும் எழுதிவைத்தது. அந்த ஒரு துகளுக்குப் பிறகு, பற்சக்கரம் சிதைந்துவருவதை எந்தக் கருவியும் காட்டவில்லை. அடுத்தது இன்னும் கசப்பானது. மேல் தொகுதியிலிருந்து உதிரும் துகள்கள் கீழே இறங்காமல் இருக்க வடிவமைப்பிலேயே ஒரு காந்த வளையம் இருந்தது. கீழேயுள்ள உணரிக்குத் துகள் போய்ச்சேரும் வாய்ப்பை அதுவே குறைத்துவிட்டது. பதினாறு உயிர்களின் பாதுகாப்பு ஒரே ஒரு துகளைச் சரியாக அடையாளம் காண்பதில் தொங்கியது என்றால், துகளைத் தவறவிட்டவரை மட்டும் குற்றவாளியாக்குவது பாதி நீதிதான்.

இதை வெறும் வாதமாக ஒதுக்கலாம். 2016-க்குப் பிறகு ஒதுக்க முடியாது. அந்த ஆண்டு ஏப்ரல் 29 அன்று, நார்வேயின் குல்ஃபாக்ஸ் பி மேடையிலிருந்து பெர்கன் நோக்கி வந்த இசி225 ரக ஹெலிகாப்டரின் விசிறி துரோய் தீவருகே நடுவானில் கழன்றது. 13 பேர் இறந்தார்கள். இதுவும் சூப்பர் பூமா குடும்பம்தான். உடைந்ததும் கியர்பாக்ஸின் இரண்டாம் கட்டத்தில் இருந்த எட்டுப் பற்சக்கரங்களில் ஒன்று. இம்முறை பராமரிப்பிலோ விமானிகளிடமோ விபத்தோடு தொடர்புள்ள பிழை எதுவும் இல்லை என்றது நார்வே புலனாய்வு. மேற்பரப்பில் நுண்ணிய குழியாகத் தொடங்கிய விரிசல் உலோகத்துக்குள்ளேயே வளர்ந்தது; எந்த எச்சரிக்கையும் வரவில்லை. கையேடு பிசகாமல் உழைத்தும் அதே பாகம் அதே விதத்தில் உடைந்தது. இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டுமா?

அந்த அறிக்கையில் என்னை உலுக்கிய பகுதி வேறு. இந்தப் பற்சக்கரங்களில் மிகச் சிலவே தமக்கு விதிக்கப்பட்ட ஆயுளை எட்டின. மற்றவை முன்கூட்டியே கழிக்கப்பட்டன. கழித்தவற்றில் என்ன சேதம் என்று தயாரிப்பாளர் வழக்கமாக ஆராயவுமில்லை. எச்சரிக்கை துகளாக வரவில்லையே என்று தேடிக்கொண்டிருந்தோம். அது முழுச் சக்கரங்களாகப் பழைய பொருள் குவியலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

தயாரிப்பாளர் தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. 2009-க்குப் பின் அவர்கள் சும்மா இருக்கவில்லை. காந்த வளையம் அகற்றப்பட்டது, சோதனைகள் இறுக்கப்பட்டன. ஆனால் அவை எல்லாமே உடைவதை முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் வழிகள். சக்கரம் ஏன் உடைகிறது என்ற கேள்வி அப்படியே நின்றது. அந்த நடவடிக்கைகள் போதவில்லை என்று நார்வே அறிக்கையும் சொன்னது.

என் தீர்ப்பு இது. 2009 விபத்தில் கிடைத்த ஒரே வாய்ப்பைத் தவறவிட்ட குற்றம் பராமரிப்பு நிறுவனத்தினுடையது. ஒரே வாய்ப்பு மட்டும் இருக்கும்படி வடிவமைத்த குற்றம் தயாரிப்பாளருடையது; அதற்குச் சான்றிதழ் தந்து தொடரவிட்ட குற்றம் ஒழுங்குமுறை அமைப்பினுடையது. பின்னவை இரண்டும் பெரியவை, ஏனென்றால் மேலும் 13 பேரைக் கொன்றவை அவைதாம். இரண்டு வகைப் பற்சக்கரங்களில் அதிக அழுத்தம் தாங்கிய வகையை விலக்குவதும், மற்றதன் ஆயுளைக் குறைப்பதும் இந்த ரகங்கள் மீண்டும் பறக்க 2016 அக்டோபரில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு விதித்த நிபந்தனைகள். முதல் விபத்து நடந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு.