‘கு’ நகராது: செயப்பாட்டுவினைப் பயிற்சிகள் பற்றி

“மாணவன் ஆசிரியரால் பரிசு கொடுக்கப்பட்டான்.” ஐந்தாம் படிவ மாணவி எழுதிய விடை. தவறு என்று கோடிட்டேன். “ஏன் டீச்சர் தப்பு? புக்குல சொன்ன மாதிரிதானே செஞ்சேன்?” என்றாள்.

அவள் சொன்னது சரிதான். அந்தப் பயிற்சி நூல் எழுவாயோடு ‘ஆல்’ சேர்க்கச் சொல்கிறது, இன்னொரு பெயரை முன்னுக்குக் கொண்டுவரச் சொல்கிறது, கடைசியில் ‘படு’. எந்தப் பெயரை என்று சொல்லவில்லை! ‘ஆசிரியர் மாணவனுக்குப் பரிசைக் கொடுத்தார்’ என்ற வாக்கியத்தில் இரண்டு பெயர்கள் மிச்சம் இருக்கின்றன. மலாயிலும் ஆங்கிலத்திலும் மாணவனை எழுவாயாக்கலாம். நம் பிள்ளைகள் அந்த இரண்டையும் தினம் படிக்கிறார்கள். அதே வழக்கம் தமிழுக்கும் வந்துவிடுகிறது.

கோலாலம்பூரில் வார இறுதியில் ஜெர்மன் அடிப்படை வகுப்புக்குப் போகிறேன். அங்கேதான் இது எனக்கே தெளிவாச்சு. ஜெர்மனில் பெயருக்கு முன்வரும் சிறு சொல்லே பெரும்பாலும் வேற்றுமையைக் காட்டும். ஆண்பாலில் எழுவாய்க்கு ‘டேர்’, நம் ‘ஐ’ வரும் இடத்தில் ‘டேன்’, ‘கு’ வரும் இடத்தில் ‘டேம்’. செயப்பாட்டுவினையில் ‘டேன்’ மட்டும் ‘டேர்’ ஆகும். ‘டேம்’ அப்படியே நிற்கும். தமிழும் இப்படித்தான்: ‘பரிசை’ என்பது ‘பரிசு’ ஆகிறது, ‘மாணவனுக்கு’ அசையாது. ‘மாணவனுக்கு ஆசிரியரால் பரிசு கொடுக்கப்பட்டது.’ பயனிலையும் பரிசுக்கு ஏற்ப அஃறிணையில் முடிகிறது. (பேச்சில் யாரும் இப்படிச் சொல்ல மாட்டோம், அது வேறு கதை.)

நூல்கள் ‘கபிலன் கடிதம் எழுதினான்’ போன்ற உதாரணங்களில் தொடங்குவதும் ஒரு குறைதான். அங்கே ‘ஐ’ தொக்கி நிற்கிறது. எது மாறியது என்று பிள்ளைக்குக் கண்ணில் படாது. ‘கடிதத்தை’ என்று விரித்து எழுதிய பிறகே மாற்றச் சொல்ல வேண்டும்.

‘ஆல்’ இன்னொரு சிக்கல். ‘மரம் வாளால் அறுக்கப்பட்டது’ என்பதைச் செயவினையாக்கச் சொன்னால் பாதி வகுப்பு ‘வாள் மரத்தை அறுத்தது’ என்று எழுதுகிறது. மூன்றாம் வேற்றுமைக்குக் கருவிப் பொருளும் உண்டு, கருத்தாப் பொருளும் உண்டு. ஜெர்மனில் செய்தவருக்கு ‘ஃபொன்’, கருவிக்கு ‘மிட்’ என்று பெரும்பாலும் தனிச்சொல் வரும். நமக்கு இரண்டுக்கும் ஒரே உருபு. பயிற்சி நூல் இதைத் தொடவே இல்லை.

இப்போது என் பயிற்சித்தாளில் ‘படு’ சேர்க்கும் முன் ஒரு வேலை உண்டு: ‘ஐ’ உள்ள பெயரை வட்டமிடு, ‘கு’ உள்ள பெயருக்கு அடிக்கோடு போடு. வட்டம் மட்டுமே எழுவாயாகும்.