செக்கும் அகவலும்

தூத்துக்குடிக்காரனுக்கு வ.உ.சி. என்றதும் கப்பல்தான் ஞாபகம் வரவேண்டும். எனக்கோ சின்ன வயசிலிருந்தே செக்குதான் ஞாபகம் வரும். 1961-இல் வெளிவந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படம், பல வருஷம் கழித்து எங்கள் ஊர்க் கொட்டகையில் மறுபடி ஓடியது. சிவாஜி கணேசன் செக்கிழுத்த கட்டத்தில் அழாதவர் இல்லை. நானும் அழுதேன்.

அதற்கப்புறம்தான் பிள்ளையவர்களின் ‘சுயசரிதை’யைப் படித்தேன். அழுகைக்கு அங்கே இடமே இல்லை!

1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். அப்பீலில் அது குறைந்தது. கோயமுத்தூர் ஜெயிலில் முதலில் கொடுத்த வேலை சணல் யந்திரம் சுற்றுவது. கைத்தோல் உரிந்து ரத்தம் கசிகிறது. ஜெயிலர் அதைப் பார்க்கிறார். பார்த்தவர், மாட்டுக்குப் பதிலாக வெயிலில் செக்குத் தள்ள அனுப்புகிறார். இந்த இடத்தில் ஆசிரியர் ஜெயிலரைத் திட்டவில்லை. அவருடைய அன்பை வியக்கிறார். சில வரிகள்தாம். அவ்வளவோடு செக்கு முடிந்தது, கதை மேலே போகிறது.

நாவல் எழுதுகிற எனக்கு இதில் வெட்கம்தான் மிஞ்சியது. இந்தக் கட்டம் என் கையில் கிடைத்திருந்தால் மூன்று அத்தியாயம் ஓட்டியிருப்பேன். அவரோ வக்கீல். சாட்சி சொல்கிறவன் கண்ணீர் விட்டால் வழக்குக் கெடும் என்பது அவருக்குத் தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. அகவல் ஓடுகிற ஓட்டத்தில், நாம் நின்று பார்க்க விரும்பும் இடங்களும் கடந்து போய்விடுகின்றன. கூழையும் கொட்டடியையும் பற்றி அவர் வசனத்தில் எழுதியிருக்கக் கூடாதா என்று எனக்கு ஆற்றாமை உண்டு. வசனம் வராதவரா? அந்தச் சிறைவாசத்திலேயே ஜேம்ஸ் ஆலனை ‘மனம் போல வாழ்வு’ என்று தமிழாக்கியவர் ஆயிற்றே! மனம் எப்படியோ வாழ்வும் அப்படி என்கிற புத்தகம் அது. அதைக் கைதி உடையில் இருந்துகொண்டு மொழிபெயர்த்திருக்கிறார். இந்த விநோதத்தை எந்த நாவலாசிரியனும் கற்பனை செய்யத் துணியமாட்டான்.

அந்தச் செக்கு இப்போது சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. நான் போயிருந்த அன்று ஒரு தகப்பனார் பையனுக்கு அதைக் காட்டிக்கொண்டிருந்தார். பையன் செக்கைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

“மாடு எங்கேப்பா?” என்று கேட்டான்.