நேசமணியின் குரல்

இலக்கிய மலரில் ‘மீம்’ பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். பழைய திரைப்படக் காட்சியொன்றை அசையாமல் நிறுத்தி, அதன்மேல் இரண்டு வரி எழுதி, இன்றைய நிகழ்ச்சிக்குப் பொருத்திக் காட்டும் இவ்வேலையை நம் வீட்டுப் பிள்ளைகள் நாள்தோறும் கைப்பேசியில் சுவைக்கின்றனர்.

2019 மே மாத இறுதியில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். கட்டடப் பொறியியல் பற்றிய முகநூல் பக்கம் ஒன்று சுத்தியலின் படத்தையிட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு நில்லாமல், பெயிண்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலையை அது உடைத்த செய்தியையும் சேர்த்துச் சொன்னார். ‘ஃபிரண்ட்ஸ்’ (2001) படத்தில் வடிவேலு ஏற்ற வேடம் அது. உடனே, இல்லாத ஒருவருக்காக இணையமெங்கும் பிரார்த்தனை! மத்தியில் புதிய அமைச்சரவை பதவியேற்ற மே 30ஆம் நாளன்றும் நேசமணியே பேச்சாக இருந்தார்.

உண்மையில் அக்காட்சியே இரவல்தான். இயக்குநர் சித்திக் 1999இல் மலையாளத்தில் எடுத்த படத்தையே தமிழில் மீண்டும் எடுத்தார். அங்கே அவ்வேடம் ஜகதி ஸ்ரீகுமாருடையது. ஆயினும் தமிழில் அது மொழிபெயர்ப்பாக ஒலிக்கவில்லை. அதட்டலில் தொடங்கிக் கெஞ்சலில் முடியும் வடிவேலுவின் குரல், மதுரை மண்ணின் குரல், அதைத் தமிழாக்கிவிட்டது.

மீம் செய்வோர் முதலில் கழற்றி எறிவது அக்குரலைத்தான். முகம் மட்டும் மிஞ்சுகிறது. படத்தைப் பார்த்தவர் காதில் குரல் தானே ஒலிக்கும், அவருக்குக் குறையில்லை. தில்லியிலும் மும்பையிலும் பிறந்த நம் பிள்ளைகளுக்கோ? முகத்தை நன்கறிவர், படத்தைப் பார்த்ததில்லை. மேலே எழுதியிருப்பதும் பல வேளைகளில் ஆங்கில எழுத்தில் அமைந்த தமிழ். ‘அவர் என்னதான் சொல்கிறார்?’ என்று கேட்டால் விழிக்கின்றனர். சிரிப்பு வந்துவிட்டது, மொழி வரவில்லை.

இதற்காக மீமைப் பழிப்பது முறையன்று. தெரிந்த கதையைப் புதிய இடத்தில் பொருத்தும் திறம் நம் கதாகாலட்சேபக்காரர்களிடமும் பட்டிமன்றப் பேச்சாளர்களிடமும் உண்டு. (பல மீம்களின் தரம் மட்டம் என்பது வேறு விஷயம்.) ஆனால் கதை கேட்க அமர்ந்தவர்கள் இராமனையும் சகுனியையும் முன்பே அறிந்திருந்தனர்.

பிள்ளைகளுக்கு நாம் நடத்தும் தமிழ் வகுப்புகளில் அக்காட்சியை ஒலியோடு முழுமையாக ஒருமுறை ஓடவிடலாம். கேட்டதைத் தமிழ் எழுத்தில் எழுதச் சொல்லலாம். சுத்தியல் என்ற ஒரு சொல்லையாவது பிழையின்றி எழுதுவார்கள்.